காட்டுக் காளான் கசக்கிறது: சாப்பிடலாமா? முழுமையான வழிகாட்டி

மழை விட்ட மறுநாள் காலையில் புற்றோரம் பூத்திருந்த காளானைப் பறித்து வந்தீர்கள். மதியம் குழம்பு கொதிக்கிறது. உப்புப் பார்க்க ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால், மெல்லும்போது இல்லாத கசப்பு தொண்டைக்கு அருகே வந்து உட்காருகிறது. துப்புவதா, விழுங்குவதா, இன்னும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றிச் சமாளிப்பதா?

அவசரத்தில் இருப்பவர்களுக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசக்கும் காட்டுக் காளானைச் சாப்பிடாதீர்கள். துப்பி, வாயைக் கொப்பளித்து, அடுப்பை அணையுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தால் நேராக ஆறாம் படிக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பதிலுக்குப் பலரும் சொல்லும் காரணம் தவறானது. ‘கசந்தால் விஷம், கசக்காவிட்டால் நல்லது’ என்ற கணக்குக் காளானிடம் செல்லாது. கசக்கும் காளான்களில் பல, விஷமே இல்லாதவை. ஆளைக் கொல்லும் காளானோ கசக்காமல் உள்ளே இறங்கிவிடும். கசப்பு நமக்குச் சொல்லும் சேதி ஒன்றே ஒன்று: நாம் பறித்ததாக நினைத்த காளான் இது இல்லை, அல்லது அதனோடு வேறொன்றும் கூடையில் ஏறி வந்திருக்கிறது. அந்தச் சந்தேகமே பாத்திரத்தை ஒதுக்கப் போதும்.

நாக்கை ஏன் நம்பக் கூடாது

கசப்போடு நமக்குப் பெரிய பகை கிடையாது. பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் தின்று வளர்ந்த நாக்கு இது. சற்றுக் கசந்தால் ‘உடம்புக்கு நல்லது’ என்று மனமே சமாதானம் சொல்லிவிடும். அதே சமையலறையில், சுரைக்காய் கசந்தால் முழுக்காயையும் தூக்கி எறிகிற வழக்கமும் இருக்கிறது. அது சரியான வழக்கம். சுரைக்காயின் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் என்ற பொருள் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. கசந்த சாற்றைக் குடிக்கவே கூடாது என்பது அவர்களின் அறிவுரை. ஆக, பாகற்காயில் மருந்தாகத் தெரியும் சுவை சுரைக்காயில் நஞ்சின் அடையாளமாகிறது. எந்தக் காய் என்று தெரிந்தால்தான் கசப்புக்குப் பொருள் உண்டு. காளானிலும் அப்படியே, என்ன, காளானில் ‘எந்தக் காய்’ என்று தெரிந்துகொள்வதுதான் கடினம்.

ஐரோப்பிய மரங்களில் வளரும் அமரோபோஸ்டியா ஸ்டிப்டிகா என்ற வெள்ளைக் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் லைப்னிட்ஸ் ஆய்வு நிறுவனங்களின் விஞ்ஞானிகள் அதிலிருந்து பிரித்த ஒலிகோபோரின் டி என்ற பொருளைப் பற்றி 2025இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் 63 பங்கு இருந்தாலே மனித நாக்கின் கசப்பு ஏற்பிகளில் ஒன்று விழித்துக்கொள்கிறது. இதுவரை அறியப்பட்ட மிகக் கசப்பான பொருள்களில் அதுவும் ஒன்று. அந்தக் காளானோ விஷமற்றது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காளான் பறிப்பவர்களை வெறுப்பேற்றும் டைலோபிலஸ் ஃபெல்லியஸ் இன்னொன்று. பெயரில் இருக்கும் லத்தீன் சொல்லுக்கே பித்தம் என்று பொருள். அங்கே எல்லோரும் தேடிப் பறிக்கும் போர்சினிக் காளானைப் போலவே இருக்கும். ஒன்று கலந்தாலும் சட்டி முழுதும் கசந்துவிடும். கொதிக்கவைத்தாலும் கசப்பு போகாது. சாப்பாடு பாழாகும், ஆள் பிழைத்துக்கொள்வார். விந்தை என்னவென்றால், சிலருடைய நாக்குக்கு அந்தக் கசப்பு தெரிவதே இல்லை. கசப்பை உணரும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ஆகவே வீட்டில் ஒருவர் ‘கசக்கிறது’ என்றும் நால்வர் ‘இல்லையே’ என்றும் சொன்னால், வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். அந்த ஒருவர் சொன்னதே கணக்கு.

இனி மறுபக்கம். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற காளானுக்கு ஆங்கிலத்தில் ‘சாவுக் குல்லாய்’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. காளான் விஷத்தால் உலகில் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பகுதி இதன் கணக்கில்தான் எழுதப்படுகிறது. தின்று பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். பாதிக் குடை அளவு உள்ளே போனாலே வளர்ந்த ஆளின் உயிரை எடுத்துவிடலாம். நாக்கை நீதிபதியாக வைத்தால் இது விடுதலையாகிவிடும். அந்தப் பாவப்பட்ட ஸ்டிப்டிகா தூக்கில் தொங்கும்.

முதல் படி: கடைக் காளானா, காட்டுக் காளானா

கடையில் வாங்கிய மொட்டுக் காளானோ சிப்பிக் காளானோ பால் காளானோ கசந்தால் பதற வேண்டாம். அவை என்ன இனம் என்பதில் ஐயம் இல்லை. பெரும்பாலும் பழையதாகியிருக்கும்: மேலே வழுவழுப்பு, அமோனியா போன்ற நெடி, பழுப்பேறிய ஓரம். அவற்றைக் கொட்டிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் தாளிப்பைச் சந்தேகியுங்கள். கருகிய பூண்டும் தீய்ந்த வெந்தயமும் காளானின் மேல் பழி போடுவதில் கெட்டிக்காரர்கள். சில மாத்திரைகள் சாப்பிடும் நாட்களில் வாயே கசக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பறித்து வந்த காளான் என்றால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ‘வெந்தயம்தான் தீய்ந்திருக்கும்’ என்று சொல்லி இன்னொரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பதுதான் இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

இரண்டாம் படி: பாத்திரத்தை ஒதுக்குங்கள்

கசந்த துண்டை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் பரிமாறலாம் என்று தோன்றும். காளான்களின் நஞ்சுகளில் பல நீரில் கரைபவை. குழம்பில் இறங்கியதை எந்தக் கரண்டியாலும் பொறுக்க முடியாது. பாத்திரத்தை மூடி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கொட்டவேண்டாம். நறுக்கும்போது கழித்த தண்டு, மண் ஒட்டிய அடிப்பாகம், சமைக்காமல் மிஞ்சிய ஒன்றிரண்டு காளான் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பொதிந்து எடுத்துவையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துக் கூழாகிவிடும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவருக்கு உங்கள் வருணனையைவிட அந்தக் குப்பை அதிகம் உதவும்.

மூன்றாம் படி: கூடையில் இருந்தது என்ன

இங்கே சற்று நின்று பேசவேண்டும். நம் பக்கத்தில் மழைக்காலத்தில் அதிகம் பறிப்பது புற்றுக் காளான். டெர்மிட்டோமைசிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கரையான்கள் தங்கள் புற்றுக்குள் வளர்க்கும் பயிர் அது. பெரிய குடை விரிப்பதிலிருந்து, அரிசியைக் கொட்டியதுபோல் பொடிப்பொடியாகப் பூப்பதுவரை அதில் பல இனங்கள் உண்டு. பெரிய இனங்களின் தண்டு மண்ணோடு முடிவதில்லை. வேர்போல் நீண்டு, அடியில் இருக்கும் கரையான் கூடுவரை போகும். குடையின் நடுவில் கூரிய முகடு இருக்கும். மண்ணைத் துளைத்து வருவதற்கான முகடு அது.

என் அம்மாச்சி தேனிப் பக்கத்துத் தோட்டங்களில் காளான் பறித்தவர். அவர் எந்தக் காளானையும் ருசி பார்த்து நான் கண்டதில்லை. விரலை மண்ணுக்குள் விட்டு நோண்டி, வேரோடு இழுப்பார். வேர் அறுந்து வந்தால் அந்த இடத்தை மீண்டும் நோண்டிப் பார்ப்பார். வேர் இல்லாதது கூடைக்குள் ஏறாது. ‘குடையைப் பார்த்து எடுக்காதே, காலைப் பார்த்து எடு’ என்பார். அவர் அறிவியல் படித்தவரில்லை. ஆனால் காளான் நிபுணர்கள் இன்றும் முதலில் சொல்வது அதைத்தான்: அடியோடு தோண்டி எடுங்கள், மேலாகக் கிள்ளாதீர்கள்.

ஏனென்றால் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. அமானிட்டா இனங்களில் பலவற்றின் தண்டு, அடியில் கிழிந்த பை ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கும். முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததுபோல. தண்டின் மேற்பகுதியில் பாவாடைபோல் ஒரு வளையம் தொங்கும். மேலாகக் கிள்ளினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது வெறும் அழகான வெள்ளைக் காளான்.

அடிப்பை இருப்பதாலேயே ஒரு காளான் விஷமாகிவிடாது என்பதுதான் இதில் சிக்கல். வைக்கோல் காளானுக்கும் அடிப்பை உண்டு. 1940களில் கோயம்புத்தூரில் பயிரிட்டுப் பார்க்கப்பட்ட, தெற்காசியாவிலும் கிழக்காசியாவிலும் விரும்பித் தின்னும் காளான் அது. 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் சீனாவிலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர், அங்கே பறித்த காளானை விருந்துக்குச் சமைத்தார். ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணிவிட்டார் என்று கருதப்படுகிறது. அது ஃபல்லாய்டிஸ். அவரும் அவரோடு சாப்பிட்ட ஒரு பெண்ணும் இறந்தார்கள். வாழ்நாள் முழுதும் உணவைக் கையாண்ட நாக்கு அது.

இடம் மாறினால் அனுபவம் செல்லாது என்பதை அந்த விருந்து காட்டுகிறது. சமவெளியில் பறித்துப் பழகியவர்கள் நீலகிரியின் பைன் காடுகளில் பறிக்கப் புகும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு மரங்களோடு வெளிநாட்டுக் காளான்களும் அங்கே குடியேறியிருக்கின்றன. வெண்புள்ளியிட்ட சிவப்புக் குடையான அமானிட்டா மஸ்காரியா அவற்றில் ஒன்று. இந்தியாவிலேயே அசாமில், 2022 ஏப்ரலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பறித்துச் சமைத்த காட்டுக் காளான் சில நாட்களுக்குள் பதின்மூன்று பேரைக் கொண்டுபோனது. திப்ருகர் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அவர்கள்.

நம் ஊர்ப் புல்வெளிகளில் அதிகம் கவனிக்க வேண்டியது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். பெயர் வாயில் நுழையாது. உருவம் கண்ணுக்கு நன்கு பழகியது. மழைக்குப் பின் மைதானத்திலும் தோட்டத்திலும் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம். கசக்காது. இளசாக இருக்கும்போது குடையின் அடித்தகடுகள் வெள்ளையாகவே இருக்கும், முதிர்ந்தால் பச்சை சாயும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் குடலைப் புரட்டி எடுத்துவிடும்.

நான்காம் படி: ஒரு இரவு காத்திருங்கள்

சமைக்கும் முன் சந்தேகம் வந்தவர்களுக்கு இது. முதிர்ந்த குடை ஒன்றின் தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒட்டிய காகிதத்தின் மேல் தகடுகள் கீழே இருக்கும்படி கவிழ்த்து, கிண்ணத்தால் மூடிவையுங்கள். காலையில் குடையை எடுத்தால் காளானின் விதைபோன்ற ஸ்போர் தூள் கோலப்பொடிபோல் கோடுகோடாக விழுந்திருக்கும். புற்றுக் காளானும் வைக்கோல் காளானும் இளஞ்சிவப்புத் தூள் விடும். ஃபல்லாய்டிஸ் வெள்ளை. மாலிப்டைட்டிஸ் பச்சை.

இந்தச் சோதனை நீக்குவதற்கு மட்டும்தான். புற்றுக் காளான் என்று நினைத்தது வெள்ளையோ பச்சையோ விட்டால் எறிந்துவிடலாம், பேச்சே இல்லை. ஆனால் இளஞ்சிவப்பு விழுந்துவிட்டதாலேயே அது உணவாகிவிடாது. என்டோலோமா என்ற பேரினத்தின் தூளும் இளஞ்சிவப்புதான். அதில் விஷமுள்ளவை இருக்கின்றன. தூள், வேர், முகடு, வளரும் இடம், பருவம் எல்லாம் ஒன்றுபோல் ஒரே பெயரைச் சொல்லவேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் சமைக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். படத்தில் அடிப்பையும் தெரியாது, தூளின் நிறமும் தெரியாது. வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறையில் காளான் அறிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் முழுக் காளானையே காட்டுவது மேல்.

‘ஐரோப்பியர்கள் காளானைக் கடித்துத் துப்பிப் பார்க்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கிறார்கள். பெரும்பாலும் ருஸ்ஸுலா போன்ற சில பேரினங்களில். அதுவும், இது ருஸ்ஸுலாதான் என்று கண்ணால் உறுதி செய்த பிறகு, அதற்குள் காரமானது எது, சாதுவானது எது என்று பிரிக்க. இனமே தெரியாத காளானைக் கடித்து இனம் கண்டுபிடிப்பது அவர்கள் வழக்கமும் இல்லை. ஏற்கெனவே கடித்துத் துப்பிவிட்டீர்களா? விழுங்கவில்லையென்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். தொட்டதால் நஞ்சு ஏறிவிடாது.

ஐந்தாம் படி: பாட்டிமார் சோதனைகளை மூட்டை கட்டுங்கள்

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், மஞ்சளோ பூண்டோ நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, புளியில் கொதித்தால் முறியும். இவற்றில் ஒன்றுகூட வேலை செய்யாது. ஃபல்லாய்டிஸின் நஞ்சான அமடாக்சின் வெள்ளியைக் கறுக்காது. நத்தை அதைத் தின்றுவிட்டு நலமாக ஊர்ந்து போகும். சுண்டைக்காயை வேகவைத்துத் தண்ணீரை வடிப்பதுபோல் காளானையும் வடித்தால் கசப்பு குறையலாம். அங்கேதான் பொறி இருக்கிறது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அமடாக்சின் அழிவதில்லை. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு நஞ்சைப் பரிமாறுவதாக அது முடியக்கூடும்.

ஆறாம் படி: சாப்பிட்டாகிவிட்டது என்றால்

கடைசி வாய் எப்போது உள்ளே போனது என்று மணியைக் குறியுங்கள். யார் யார் சாப்பிட்டார்கள், ஏறத்தாழ எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இன்ன காளான் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் கசந்ததை விழுங்கியிருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போவதே சரி. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பொதிந்துவைத்த காளானை எடுத்துச் செல்லுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

அங்கே மருத்துவர் முதலில் கேட்பது ‘எத்தனை மணி நேரம் கழித்து’ என்றுதான். கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, கண் கலங்கினால் மஸ்கரின் என்ற நஞ்சாக இருக்கலாம். அதற்கு அட்ரோபின் மருந்து உண்டு. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் மாலிப்டைட்டிஸ் போன்றவை. பெரும்பாலும் நீர்ச்சத்து ஏற்றினால் தேறிவிடுவார்கள். ஆறு மணி நேரத்துக்குமேல் கழித்து, மதியம் சாப்பிட்டதற்கு நள்ளிரவில் வாந்தி தொடங்கினால் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். தாமதமாக வருவதால் ‘மதியம் தின்றது எப்போதோ செரித்திருக்கும், இது வேறு ஏதோ’ என்று விட்டுவிடுகிறார்கள்.

அமடாக்சினுக்கு இன்னொரு வஞ்சகமும் உண்டு. வாந்தியும் பேதியும் ஒரு நாளில் அடங்கிவிடும். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், ‘தேவலாம்’ என்பார். வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று உறவினர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அந்த இடைவெளியில் நஞ்சு கல்லீரல் செல்கள் புரதம் உண்டாக்கும் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் கண் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க ஒருவர் கிளம்புவார். அன்பாகத்தான் செய்வார், தடுத்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் மணிக்கணக்கில் முடிவுகள் எடுக்கப்பட வேண்டும். சிலிபினின், என்-அசிட்டைல் சிஸ்டீன் போன்ற மருந்துகள் கொடுப்பார்கள். கல்லீரல் கைவிட்டால் மாற்று அறுவைச் சிகிச்சை வரை போகும். சீக்கிரம் வந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

ஒருவருக்கு மட்டும் வாந்தி வந்தாலும், அந்தக் குழம்பைச் சாப்பிட்ட அத்தனை பேரும் போகவேண்டும். முதலில் வாந்தி எடுத்துவிட்டவர் தப்பித்துவிட்டார் என்றும் எண்ணவேண்டாம். ஒரே கூடையில் இரண்டு விதக் காளான் இருந்தால், சீக்கிரம் தாக்குவது தாமதமாகத் தாக்குவதை மறைத்துவிடும். குழந்தைகளை முதலில் காட்டுங்கள். சிறிய உடலுக்குச் சிறிய அளவே போதும்.

மீதிக் குழம்பை எல்லோரும் நலம் என்று மருத்துவர் சொல்லும்வரை குளிர்பதனப் பெட்டியில் வைத்திருங்கள். மூடியின் மேல் காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில் ‘தொடாதே’ என்று எழுதிவிடுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் இரவில், சேதி கேட்டு வெளியூரிலிருந்து பதறிக்கொண்டு வரும் மச்சான் பசியோடு அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்.